நிற்கத் தெரியாத லாரி ரோபோவை நிற்க வைப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில், ஒரு பழைய கடைவரிசையின் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில், என் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. 34 வருடமாக அங்கே உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். முன்பெல்லாம் சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்பார்கள். இப்போது பேட்டரி மாற்ற ஒருவர், பட்டை நீளம் குறைக்க ஒருவர், அவ்வளவுதான். கை சும்மா இருந்தால் எனக்குத் தலை வலிக்கும். அப்படித் தலை வலித்த ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் பையன் லாரி பொம்மையைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தான்.

11 வயது. அப்பா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பொம்மை பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. பெட்டியில் செய்தவர் பெயர்கூடக் கிடையாது. லாரியாக இருக்கும்போது பார்க்க நன்றாகவே இருந்தது. பிரித்து ரோபோவாக்கி நிறுத்தினால் மல்லாந்து விழுந்தது.

"எங்கப்பா குலை வெட்டுற மாதிரி நிக்கணும் தாத்தா. மேல பாத்துக்கிட்டு. கையில கம்போட."

"லாரியாவும் மாறணுமாடா?"

"பின்ன? மாறலன்னா அது வெறும் பொம்மதானே?"

அவன் சொன்னதில்தான் வேலையின் சிக்கல் முழுக்க இருக்கிறது. சாதாரண பொம்மை என்றால் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். உருமாறும் பொம்மையில் ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு முதலாளிகள். ரோபோவுக்காக 2 மில்லிமீட்டர் செதுக்கினால் லாரியின் கதவு மூடாது.

இந்த வகைப் பொம்மை ஏன் இப்படி விறைத்து நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1984இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் அமெரிக்காவில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று விற்கத் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் தக்காரா நிறுவனம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவை. 1980இல் வந்த தக்காராவின் டையகுளோன் வரிசையில் ரோபோ என்பது ஆள் இல்லை, வண்டி. காலில் காந்தம் வைத்த குட்டி ஓட்டுநர் அதற்குள் உட்காருவார். வண்டிக்கு எதற்கு முட்டி? அந்த வம்சத்தின் விறைப்பு மலிவுப் பொம்மைகளை இன்னும் விடவில்லை. விலை கூடிய புதுப் பொம்மைகளில் கணுக்கால்கூடப் பக்கவாட்டில் சாய்கிறது. 35 வெள்ளிப் பொம்மையில் அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் பென்சில்

கத்தியை எடுக்கும் முன்னால் பொம்மையை மூன்று தடவை லாரியாக்கி, மூன்று தடவை ரோபோவாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். மூன்றாம் தடவையில்தான் எந்தத் துண்டு எங்கே போய் ஒளிகிறது என்பது கைக்குப் புரியும்.

அடுத்து, லாரியாக மூடிய நிலையில் வெளியே தெரியும் பரப்பின் விளிம்புகளையெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். திரும்ப ரோபோவாக்கினால், கோட்டைத் தாண்டி மறுபக்கம் இருப்பதெல்லாம் லாரியில் மறைந்துபோகும் இடம் என்று தெரியும். நீங்கள் வெட்டப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

எது எதில் முட்டுகிறது என்று கண்டுபிடிக்கவும் பென்சில் போதும். முட்டி 50 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான கரி பென்சிலைக் கெண்டைக்காலின் மேல் விளிம்பில் நன்றாகத் தேய்த்துவிட்டு முட்டியை மடக்கி நிமிர்த்துங்கள். தொடையின் பின்பக்கத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ, அந்த இடம்தான் குற்றவாளி. நாங்கள் எதிர்பார்த்தது கெண்டைக்கால், மாட்டிக்கொண்டது தொடையில் ஒரு சின்ன மேடு. பாதி மில்லிமீட்டர் கறை இல்லாமல் போயிருந்தால் கெண்டைக்காலைப் பாழாக்கியிருப்பேன்.

இன்னொன்று. எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'எல்லாப் பக்கமும் அசைய வேண்டும்' என்று தொடங்கினால் பொம்மையில் முழுசாக ஒரு துண்டும் மிஞ்சாது. பையனிடம் அவன் அப்பாவைப் படம் எடுத்து வரச் சொன்னேன். அதில் ஒரு விஷயம் தெரிந்தது. கம்பைப் பிடிக்கிறவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்ப்பதில்லை. ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்பருகே. லாரியின் முகப்புதான் இந்த ரோபோவுக்கு நெஞ்சு. அவ்வளவு அகலத்தைத் தாண்டிக் கைகளைச் சேர்க்க வேண்டும் என்றால் தோளையே அறுத்திருக்க வேண்டும். படம் ஒரு பெரிய அறுவையை மிச்சப்படுத்தியது.

சாமான்கள்

0 அளவு நட்சத்திர ஸ்குரூ டிரைவர், மெல்லிய அரம் இரண்டு, பிளேடு கத்தி, 400, 800, 1000 எண் சேண்ட்பேப்பர், கையால் உருட்டும் சின்ன ட்ரில், பல் மெல்லிய சின்ன ரம்பம். கடிகாரப் பட்டையில் ஆணி தள்ளும் ஊசி இருந்தால் நல்லது. இல்லையென்றால் முனை தட்டையாக்கிய ஆணி. சூப்பர் குளூ வேண்டும். எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் 'காம் காஜா' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுக்கு அடைக்கும் எபோக்சி புட்டி ஒரு குச்சி. அப்புறம் உறுப்பு தானம் செய்ய ஒரு மலிவுப் பொம்மை. நான் 12 வெள்ளிக்குக் கை கால் உருண்டை மூட்டாக உள்ள ஒரு பொம்மை வாங்கினேன். முகம் பார்க்கச் சகிக்காது, மூட்டு நன்றாக இருந்தது.

பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்வது சாமான்களைவிட முக்கியம். தட்டினால் டக் டக் என்று கெட்டியாகக் கேட்பது பெரும்பாலும் ஏபிஎஸ். வெட்டலாம், தேய்க்கலாம், ஒட்டலாம். மெழுகு தடவியது போல வழுக்கலாக இருப்பது பிஓஎம். தேயும் மூட்டுகளில் இதைப் போடுவார்கள். எந்தப் பசையும் இதில் நிற்காது, பெயின்டும் உரியும். சந்தேகம் வந்தால் மறைவான ஓர் இடத்தில் அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியில் ஒரு துளி வையுங்கள். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிஓஎம் கண்டுகொள்ளாது. ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் துண்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், விரிசல் விடும்.

பழைய பொம்மை கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த சில பொம்மைகளில் பொன்துகள் கலந்த பிளாஸ்டிக் உண்டு. அது வயதானால் பிஸ்கட் மாதிரி உடையும். அதில் ஆணியைத் தட்ட நினைக்காதீர்கள். அலமாரியில் வைத்துக் கும்பிடுங்கள்.

திறப்பது

கடிகாரக்காரனின் வித்தை ஒன்று சொல்கிறேன். ஸ்பிரிங் இருக்கும் எதையும் ஒளி தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். ஸ்பிரிங் தெறித்தால் பைக்குள்தான் விழும். இதைச் செய்யாமல் அஞ்சடியின் சாக்கடைக்கு நான் கொடுத்த ஸ்பிரிங்குகள் ஏராளம்.

ஸ்குரூவைத் திரும்ப முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பழைய தடத்தில் விழும்போது விரலுக்கு ஒரு சின்ன 'டக்' தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பிளாஸ்டிக்கில் புதுத் தடம் வெட்டாது. கடைசியில் பலம் போடாதீர்கள், தூண் பிளந்துவிடும்.

இரும்பு ஆணி போட்ட மூட்டில் ஆணியின் இரண்டு முனையையும் லூப்பில், அதாவது கடிகாரக்காரன் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியில், பாருங்கள். ஒரு முனையில் நீளவாக்கில் சின்னச் சின்ன வரிகள் இருக்கும். அந்த வரிதான் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வரி இல்லாத முனையிலிருந்து தட்டினால் வந்த வழியே வெளியே வரும். வரியுள்ள முனையிலிருந்து தட்டினால் ஓட்டை முழுதும் கீறிக்கொண்டு போகும், அந்த மூட்டு அதன்பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் பொம்மையில் ஆணி 2 மில்லிமீட்டர் தடிமன், வரி வெளிப்பக்கம்.

முட்டி

தொடையின் அந்த மேட்டை ஒரேயடியாக வெட்டாதீர்கள். அரத்தால் பத்து இழுப்பு, மடக்கிப் பார், பென்சில் தேய், திரும்பப் பத்து இழுப்பு. 50 டிகிரி மடங்கிய முட்டி, 2 மில்லிமீட்டர் போனதும் 95க்கு வந்தது. அதோடு நிறுத்தினேன். இன்னும் போயிருக்கலாம், ஆனால் சுவர் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. குலை வெட்டுகிறவர் மண்டியிடப் போவதில்லை.

தேய்த்த இடத்தை 400, 800, 1000 என்று வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு மூக்கில் ஏறாது, வழுவழுப்பும் வரும்.

கணுக்கால்

இந்த வேலை முழுவதிலும் ஒரே ஒரு மூட்டுக்குத்தான் உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்றால் அதைக் கணுக்காலுக்குச் செலவிடுங்கள். கை ஆயிரம் விதமாக அசையலாம். கால் நிற்கவில்லை என்றால் அந்தக் கையை யார் பார்ப்பது? பொம்மையைத் திருத்துகிற சிறுவர்கள் எல்லோரும் விரலில் தொடங்குகிறார்கள். நான் பாதத்தில் தொடங்கச் சொல்கிறேன்.

எங்கள் ரோபோ மல்லாந்ததற்குக் காரணம் இருந்தது. லாரியின் தொட்டி முழுவதும் மடங்கி அதன் முதுகில் மூட்டையாக ஏறிக்கொள்கிறது. பாதமோ முன்பக்கம் நீளம், பின்பக்கம் குதிகாலே இல்லை. எடையின் நடு எங்கே இருக்கிறது என்று பார்க்க, ரோபோவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடியில் ஒரு பென்சிலைத் தலையிலிருந்து கால்வரை போகும்படி நீளவாக்கில் கொடுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அந்தக் கோட்டைப் பாதம்வரை நீட்டிப் பாருங்கள். எங்கள் பொம்மையில் அது பாதத்தின் பின் விளிம்பில் போய் முடிந்தது. தலையை மேலே நிமிர்த்திக் கையையும் தூக்கினால் அது விளிம்பைத் தாண்டிவிடும். மூட்டை எவ்வளவு இறுக்கினாலும் இதற்குப் பயன் இல்லை.

அதனால் முதலில் குதிகால். என் டப்பாவில் அறுத்துப்போட்ட இரும்புப் பட்டைக் கண்ணிகள் நிறைய உண்டு. இரண்டு கண்ணி சேர்ந்த துண்டு என்றால் நடுவில் அதற்கே ஒரு கீல் இருக்கிறது. பாதத்தின் அடிப்பக்கம் வெற்றிடம். ஒரு கண்ணியைப் பின்சுவரின் உட்பக்கம் எபோக்சியில் புதைத்தேன். மற்றது வெளியே நீண்டு தரையைத் தொடும். மேலே தூக்கப் பார்த்தால் பின்சுவரின் விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். அதுதான் பொம்மையைத் தாங்குகிறது. கீழ்ப்பக்கமாகத் திருப்பினால் பாதத்தின் குழிக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளும். லாரிக்கு ஒரு குறையும் இல்லை. 8 மில்லிமீட்டர் நீளம்தான், ஆனால் தாங்கியது. மிச்சக் குழியில் பாதத்துக்கு இரண்டு இரும்பு நட் வைத்து எபோக்சியால் மூடினேன். எடை கீழே இருந்தால் பொம்மைக்கு நிதானம் வரும். தூண்டில் ஈயம் போடலாமே என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் வாயில் வைக்கும் சாமானில் ஈயம் வேண்டாம்.

அடுத்தது பக்கவாட்டுச் சாய்வு. காலை அகட்டினால் பாதத்தின் வெளி ஓரம் மேலே தூக்கிக்கொண்டு உள் ஓரம் மட்டும் தரையில் நிற்கும். பாதம் லாரியின் பின்கதவாக மடங்குவதற்காக முன்னும் பின்னும் மட்டுமே அசையும் ஆணி மூட்டு அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு உருண்டை மூட்டு வைக்க வேண்டும்.

உருண்டையும் அது உட்காரும் கிண்ணமும் தானம் செய்த பொம்மையின் தோளிலிருந்து ஒரு ஜோடியாக எடுத்தேன். இரண்டையும் பிரிக்காமல் எடுப்பது நல்லது. வேறு வேறு பொம்மையின் உருண்டையும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவது அரிது. உருண்டையின் காம்பை 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காம்பின் நடுவில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே விட்டு, அதன் மறுமுனையைக் கெண்டைக்காலின் அடியில் போட்ட துளைக்குள் சூப்பர் குளூவோடு இறக்கினேன். கம்பி இல்லாமல் வெறும் பசையில் நம்பி வைத்தால் இரண்டாம் நாள் காம்பு கையோடு வரும். கிண்ணத்தைப் பாதத்துக்குள் எபோக்சியில் பதித்தேன். புட்டியின் இரண்டு நிறமும் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள், வரி தெரிந்தால் அந்த வரியில் அது கெட்டியாகாது. கை வேலைக்கு ஐந்து நிமிடம்போல் கிடைக்கும். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத்தான் அசைக்க வேண்டும். கிண்ணத்தின் வாயில் புட்டி ஏறாமல் இருக்க உருண்டையைச் சுற்றி ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் தடவிவிடுங்கள்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை உருண்டையை வசதியான இடத்தில் வைத்தேன். ரோபோ ஜோராக நின்றது. பையன் கைதட்டினான். லாரியாக்கினால் பின்கதவு மூடவில்லை, 3 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பழைய ஆணியின் நடு எங்கே இருந்ததோ, புது உருண்டையின் நடுவும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பாதம் பழைய வட்டத்திலேயே சுற்றி மடங்கும். அதைக் குறித்துவைக்காமல் ஆணி ஓட்டையை அறுத்து எறிந்திருந்தேன். நல்ல வேளை, இடது கால் மிச்சமிருந்தது. அதில் கவராயத்தால் அளந்து, வலது காலைப் பிடுங்கித் திரும்ப வைத்தேன். ஒரு நாள் போனது. நீங்கள் அறுக்கும் முன்னால் பாதத்தின் முன் விளிம்பிலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் ஆணியின் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்று எழுதிவையுங்கள். நான் இப்போது எழுதிவைக்கிறேன்.

முடிந்தபின் பாதம் பக்கவாட்டில் 20 டிகிரிபோல் சாய்ந்தது. காலை அகட்டி வைத்தாலும் இரண்டு பாதமும் தரையில் அப்படியே படிந்தன.

இடுப்பும் தோளும்

இடுப்பிலும் தோளிலும் ராட்செட் இருந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கிர் கிர் என்று கேட்கிறதே, அதே வேலைதான்: பல்லும், அதை அழுத்தும் ஸ்பிரிங்கும். சுற்றுக்கு 12 பல் என்றால் ஒரு பல்லுக்கு 30 டிகிரி. கை ஒன்று இப்படி நிற்கும், இல்லை அப்படி நிற்கும், நடுவில் நிற்காது.

இடுப்பில் அதை விட்டுவிட்டேன். மேல் உடம்பின் பாரத்தைப் பல் தாங்குவது போல வெறும் உராய்வு தாங்காது. சிலர் எல்லா ராட்செட்டையும் பிடுங்கி எறிகிறார்கள். ஆறு மாதத்தில் பொம்மை குடித்தவன் மாதிரி சரியும். தோளில் மட்டும் ஸ்பிரிங்கையும் பல் கட்டையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடிகாரச் சாவிக்குப் போடும் ரப்பர் வளையம் இரண்டைத் திணித்து ஸ்குரூவை முடுக்கினேன். ஸ்குரூவை எவ்வளவு முடுக்குகிறோமோ அவ்வளவு இறுக்கம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சின்ன வளையமும் சரிவரும். எடுத்த ஸ்பிரிங்கை ஒரு பொட்டலத்தில் போட்டுப் பெயர் எழுதிப் பையனிடம் கொடுத்தேன். ஒருநாள் பழையபடி வேண்டும் என்பான்.

மேல்கையில் சுழற்சி இல்லை. அது இல்லாமல் உள்ளங்கை கம்பின் பக்கம் திரும்பாது. முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே, லாரியில் மறைந்துபோகும் இடமாகப் பார்த்து ரம்பத்தால் நேராக அறுத்தேன். ஒரு வெட்டு முகத்தின் நடுவில் பெயின்ட் புள்ளி வைத்து, ஈரம் காய்வதற்குள் மற்ற முகத்தை நேராக அழுத்தினால் அதிலும் அதே இடத்தில் புள்ளி விழும். இரண்டு புள்ளியிலும் 3 மில்லிமீட்டர் துளை. தானப் பொம்மையின் காலில் இருந்த 3 மில்லிமீட்டர் குச்சியை ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் ஒட்டாமல் செருகினேன். துளையை முதலில் 2 மில்லிமீட்டரில் போட்டுப் பிறகு பெரிதாக்குங்கள், நேரடியாகப் போட்டால் ட்ரில் வழுக்கும்.

கழுத்து சுலபம். தலை ஏற்கெனவே உருண்டையில்தான் இருந்தது. பின்மண்டை முதுகு மூட்டையில் இடித்ததால் நிமிரவில்லை. தலையின் பின்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்தேன். வானத்தைப் பார்த்தது.

தளர்ந்த மூட்டும் இறுகிய மூட்டும்

தளர்ந்த உருண்டைக்கு சூப்பர் குளூ. உருண்டையைக் கிண்ணத்திலிருந்து கழற்றி வெளியே எடுத்து, மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மாட்டிவைத்துக்கொண்டு சந்தில் பசை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொம்மை அப்புறம் சிலைதான். ஒரு பூச்சு போதவில்லை என்றால் இன்னொன்று. கூடிப்போனால் 1000 எண் சேண்ட்பேப்பரால் இரண்டு சுற்று.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. மழை நாளில் கை எடுப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். அதோடு அதன் ஆவி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும், ஜன்னல் துண்டில் படிந்தால் பால் ஊற்றியது போல ஆகிவிடும். ஜன்னலைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, காற்றாடி சுற்றும் இடத்தில் கொஞ்சமாகப் பூசுங்கள். மதியம் மழை கொட்டும் நாட்களில் நான் காலை பத்து மணிக்குள் பசை வேலையை முடித்துக்கொள்வேன்.

நகப்பூச்சு பூசலாம் என்றும் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை இளக்கும். தடிமனாகப் பூசி அன்றைக்கே மாட்டினால் உருண்டை கிண்ணத்தோடு சேர்ந்துவிடும். பூசினால் மெலிதாகப் பூசி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

இறுகிய மூட்டைப் பலவந்தம் பண்ணாதீர்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிவிட்டு அசைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். அதற்கும் மசியாவிட்டால் சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டாம். சமையல் எண்ணெய் பிசினாகும், பெட்ரோலிய எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். மடக்கும்போது ஏதாவது ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது உடையப்போகிறேன் என்று பிளாஸ்டிக் சொல்வது.

கம்பு

ரோபோவின் முஷ்டியில் 5 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தது. இந்த வகைப் பொம்மைகளில் ஆயுதம் பிடிக்க அதுதான் வழக்கமான அளவு. சீனர் சாப்பாட்டுக் கடையில் கொடுக்கும் சாப்ஸ்டிக் முனைப்பக்கம் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் வரும். கொஞ்சம் தேய்த்தால் சரியாகப் பிடிக்கும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் அரிவாள் வெட்டி ஒட்டினேன். டின் தகரத்தில் செய்தால் அசல் போல இருக்கும், ஆனால் பிள்ளை கையைக் கிழிக்கும். சாம்பல் பெயின்ட் பூசினால் அலுமினியக் கம்புதான். லாரியாகும்போது கம்பு தொட்டியில் நீளவாக்கில் கிடக்கும். தோட்டத்து லாரியில் கம்பு கிடப்பது யாருக்கும் அதிசயம் இல்லை. கையில் பிடிப்பு நிற்கக் காந்தம் வைக்கலாம் என்று பலர் செய்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேண்டாம். அந்தக் குட்டிக் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலைக் கவ்விக்கொள்ளும்.

கம்பைக் கொடுத்ததும் ரோபோ மறுபடி கொஞ்சம் ஆடியது. நீளக் கம்பு மேலே போனால் எடையின் நடுவும் நகரும். அதனால் கடைசிச் சோதனையைக் கம்போடுதான் செய்ய வேண்டும். பின்காலின் பாதத்தை ஒரு சின்ன அளவு வெளியே திருப்பினேன், நின்றது. மேசையை விரலால் தட்டிப் பார்த்தேன். நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பையனோடு அவன் அப்பாவும் வந்திருந்தார். பெட்டிமேல் நின்ற பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நல்லாருக்கு ஐயா. ஆனா இவன் குலைக்கு நேர் கீழ நிக்கிறான். வெட்டுனா தலையிலதான் விழும்."

அவரே குனிந்து, வெட்டுக் காய்ப்பு ஏறிய விரலால் முன்காலைப் பிடித்துப் பக்கவாட்டில் நன்றாக அகட்டினார். பிறகு இடுப்பைச் சற்றே திருப்பி, கம்பைச் சாய்த்து, மேல்கையைச் சுழற்றி உள்ளங்கையைக் கம்புக்கு அடியில் கொண்டுவந்தார். ராட்செட் கிர் என்றது. நான் அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 20 டிகிரியை முழுக்கத் தின்றுவிட்டது. அவர் கையை எடுத்தார்.

விழவில்லை.

"இப்பச் சரி" என்றார். பையன் லாரியாக்கிப் பார்க்கக் கை நீட்டினான். "இருடா, கொஞ்ச நேரம் வெட்டட்டும்" என்று அவர் தடுத்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பட்டையில் ஒரு கண்ணி குறைக்க வேண்டுமாம்.